மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வருகிறதா?

(ஹைதராபாத் அமீர்பேட்டில் மைத்ரிவனத்தை ஒட்டிய சந்தில், மாடி வகுப்பறை ஒன்றில், தமிழ் மாணவர்கள் கூடிய ஒரு மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

மூன்று மாடி ஏறி வந்திருக்கிறீர்கள். கீழே லிஃப்ட் கதவில் ரிப்பேர் என்று தெலுங்கில் எழுதிய அட்டை தொங்குகிறது. நான் இந்தத் தெருவுக்கு முதன்முதலாக வந்த 2001-லும் வேறொரு கட்டடத்தில் இதே மாதிரி ஓர் அட்டை தொங்கியது. கையெழுத்துகூட அதேதானோ என்று சந்தேகம்.

அப்போது தலைக்கு மேலே மெட்ரோ கிடையாது. அது 2017 நவம்பரில் வந்தது. மியாப்பூர் பக்கமிருந்து வருகிற சிவப்புத் தடமும் நாகோலிலிருந்து வருகிற நீலத் தடமும் இன்றைக்கு இங்கேதான் சந்திக்கின்றன. 2001 என்றால் டாட் காம் குமிழி உடைந்து, அமெரிக்கா போனவர்கள் பெட்டியோடு திரும்பிக்கொண்டிருந்த காலம். ஆனாலும் இந்தத் தெருவில் போஸ்டர் குறையவில்லை. கம்பத்துக்குக் கம்பம் ஜாவா, சுவருக்குச் சுவர் ஆரக்கிள். எஸ்.ஆர். நகரில் ஆறு பேர் ஓர் அறை. காலை ஏழு மணி பேட்ச். ஜெராக்ஸ் கடையில் நோட்ஸ். போளூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த எனக்குத் தெலுங்கில் ‘அண்ணா’ மட்டும்தான் தெரியும். அது தமிழிலும் இருந்ததால் பிழைத்தேன்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நல்ல மனுஷர், நன்றாகவும் சொல்லிக்கொடுத்தார். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்று: எல்லாவற்றையும் ட்ரை, கேட்சுக்குள் போடு, ப்ரோக்ராம் விழக்கூடாது. அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓட்டினேன். பிழை வந்தால் பிடி, லாகில் ஒரு வரி எழுது, மேலே போ. அந்த லாகை யார் படிப்பார்கள் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இன்றைய பேச்சு ஒரு கேள்வியிலிருந்து வந்தது. போன வாரம் கீழே டீக்கடையில் ஒரு தம்பி பிடித்துக்கொண்டார். இங்கேதான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், பெயர் சொல்ல மாட்டேன். “அண்ணா, எலிக்ஸிர்ல ஒரு ப்ராசஸ் எழுதியிருக்கேன். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ ஒரு வேலை செய்யணும், ராத்திரி பூரா ஓடணும். காலைல வந்து பாத்தா செத்துக் கிடக்கு. சாகாம எப்படிண்ணா வச்சிருக்கிறது?”

நான் திருப்பிக் கேட்டேன்: “அது செத்தா யாருக்குத் தெரியும்?”

“காலைல எனக்குத் தெரியும்ணா.”

ராத்திரி இரண்டு மணிக்கு யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். டீ ஆறிப்போனது.

என் அப்பாவுக்கும் இதே பிரச்சினை இருந்தது. மூன்று ஏக்கர், ஒரு கிணறு, அஞ்சு எச்பி மோட்டார். அப்போது எங்கள் பக்கம் விவசாயத்துக்கு மும்முனை மின்சாரம் நாள் முழுக்க வராது, முறை வைத்துத்தான் விடுவார்கள். முறை ராத்திரியில் விழுந்தால் ராத்திரிதான். அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு வரப்பு மேல் நடந்து மோட்டார் ரூமுக்குப் போய்ப் பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டு வருவார். வந்து படுத்தால் பத்து நிமிஷத்தில் கரண்டு போகும். மறுபடியும் வரும். ஸ்டார்ட்டர் விழுந்துவிட்டால் யாராவது போய் அழுத்தினால்தான் மோட்டார் எடுக்கும். பாம்பு கிடக்கிற வரப்பு. ஒரு ராத்திரியில் மூன்று முறை போய் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டினார். கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும், நகரத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அது ஒரு சின்னப் பெட்டி. கரண்டு வந்ததும் பார்க்கும். மூன்று பேஸும் சரியாக இருக்கிறதா? இருந்தால் சில நொடி பொறுத்துவிட்டு, அதுவே மோட்டாரை எடுத்துவிடும். ஒரு பேஸ் இல்லையென்றால் எடுக்காது, எடுத்தால் காயில் கருகிவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. தண்ணீர் இறைக்கத் தெரியாது, வாய்க்கால் தெரியாது, நெல்லா கடலையா என்று தெரியாது. மோட்டார் நிற்கத்தான் செய்யும் என்று ஒத்துக்கொண்டு, நின்றால் மறுபடி எடுக்கிற வேலையை மோட்டாருக்கு வெளியே வைத்த பெட்டி அது.

எலிக்ஸிர் என்ற ப்ரோக்ராமிங் மொழி எனக்குப் புரிந்தது இந்தப் பெட்டி வழியாகத்தான். இதைச் சொல்வதற்குத்தான் உங்களை மூன்று மாடி ஏற்றியிருக்கிறேன்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது? டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து. எக்ஸ்சேஞ்சை ‘கொஞ்சம் இருங்கள், ரீஸ்டார்ட் பண்ணிவிட்டு வருகிறேன்’ என்று நிறுத்த முடியாது. ஒருவர் பேசுகிற அழைப்பில் கோளாறு வந்தால் அந்த ஓர் அழைப்பு அறுபடலாம், மற்ற ஆயிரம் பேரின் பேச்சு அறுபடக்கூடாது. ஸ்வீடனில் எரிக்சன் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஜோ ஆம்ஸ்ட்ராங், ராபர்ட் விர்டிங், மைக் வில்லியம்ஸ் ஆகியோர் 1986 வாக்கில் இதற்காக ஒரு மொழியை உருவாக்கத் தொடங்கினார்கள். அதுதான் எர்லாங். டெலிபோன் நெரிசலுக்குக் கணக்கு போட்ட டென்மார்க்குக் கணிதர் அக்னர் எர்லாங்கின் பெயர். எத்தனை பேர் ஒரே நேரத்தில் லைனில் இருக்கிறார்கள் என்று அளக்கும் அலகுக்கும் டெலிபோன்காரர்கள் அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அதே 1986-ல் நம் நாட்டிலும் ஒன்று நடந்தது. சாம் பிட்ரோடா முன்னின்று 1984-ல் தொடங்கிய சி-டாட் என்ற அரசுத் தொலைத்தொடர்பு ஆய்வு மையம், கிராமத்துக்கென்று செய்த சின்ன எக்ஸ்சேஞ்சைக் கர்நாடகத்தின் கித்தூரில் நிறுவியது. ஏ.சி. இல்லாத அறை, தூசி, வெயில், வந்துவந்து போகும் கரண்டு, இவ்வளவுக்கும் நடுவில் ஓட வேண்டும் என்பதுதான் அங்கே வைத்துக்கொண்ட நிபந்தனை. ஸ்டாக்ஹோமில் குளிர், கித்தூரில் வெயில். இரண்டு இடத்திலும் சுற்றுப்புறத்தை நம்பாமல்தான் வேலையைத் தொடங்கினார்கள்.

எர்லாங்குக்கு ஒரு கூத்தும் நடந்தது. 1998-ல் எரிக்சனின் ஒரு பிரிவு, புதுத் தயாரிப்புகளில் இந்த மொழியைப் பயன்படுத்தக்கூடாது என்று தடை போட்டது. அந்த வருஷக் கடைசியிலேயே அதைத் திறந்த மூலமாக வெளியே விட்டார்கள். வீட்டில் வேண்டாம் என்று விரட்டிய பிள்ளை ஊருக்குப் பயன்பட்டது. வாட்ஸ்ஆப்பின் சர்வர் எர்லாங்கில் எழுதியது. 2014-ல் ஃபேஸ்புக் அதை வாங்கியபோது மாதந்தோறும் பயன்படுத்தியவர்கள் ஏறக்குறைய 45 கோடி, நிறுவனத்தில் ஊழியர்கள் ஐம்பது சொச்சம். இந்தத் தெருவில் ஒரு கட்டடத்தின் ஒரு மாடியில் அதைவிட அதிகம் பேர் உட்கார்ந்திருப்பார்கள். எர்லாங் ஓடுகிற அதே பீம் என்ற எந்திரத்தின் மேல், கண்ணுக்குக் குளிர்ச்சியான எழுத்துமுறையோடு பிரேசில்காரர் ஜோசே வலிம் கட்டியது எலிக்ஸிர். அதன் 1.0 பதிப்பு 2014 செப்டம்பரில் வந்தது. வரலாறு இது போதும்.

இனி தம்பியின் ப்ராசஸுக்கு வருவோம்.

ப்ராசஸ் என்று இங்கே சொல்வது லினக்ஸின் ப்ராசஸ் அல்ல. பீமுக்கு உள்ளேயே பிறந்து உள்ளேயே சாகிற சின்ன ஜீவன். பிறக்கும்போது அதற்குத் தேவைப்படும் நினைவகம் இரண்டு மூன்று கிலோபைட்தான், லட்சக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். ஒன்றின் நினைவகத்தில் இன்னொன்று கை வைக்க முடியாது. ஆளுக்கொரு தபால் பெட்டி, கடிதம் போட்டுத்தான் பேசிக்கொள்ளும். முடிவே இல்லாத சுற்றில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தாலும் மற்றவை பட்டினி கிடக்காது. ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 4000 அடி என்று கணக்கு, அது முடிந்ததும் அடுத்ததற்கு முறை போய்விடும். எங்கள் ஊர்க் கரண்டு முறை போலவே, ஆனால் நேர்மையாக.

தம்பி செய்தது ஸ்பான். ஸ்பான் என்றால் பிள்ளையைப் பெற்றுத் தெருவில் விடுவது. அது பாட்டுக்கு ஓடும், ஒருநாள் பிழை வந்து செத்துப்போகும். லாகில் சிவப்பாக நாலு வரி விழும். அதைப் பெற்றவனுக்கு அது செத்த செய்திகூட வராது. இதில் இன்னொரு குழியும் இருந்தது. எஸ்எஸ்ஹெச் வழியாக சர்வருக்குள் போய், ஐஈஎக்ஸ் என்ற எலிக்ஸிர் முனையத்தைத் திறந்து, அதற்குள்ளேயே ஓடவிட்டு, லேப்டாப்பை மூடிவிட்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டார். ஜன்னல் மூடினால் ஐஈஎக்ஸ் போகும், அதோடு பீமும் போகும். அன்றைக்கு ராத்திரி அந்த ப்ராசஸ் செய்த குற்றம் ஒன்றுமில்லை, வீடே இடிந்து விழுந்திருக்கிறது. ‘மிக்ஸ் ரன்’ என்று மட்டும் கொடுப்பவர்களுக்கும் இதே கதிதான். ஸ்கிரிப்ட் முடிந்ததும் பீம் கடையைச் சாத்திவிடும். ‘நோ ஹால்ட்’ என்று சேர்த்துக் கொடுக்க வேண்டும். நிஜ சர்வரில் அதுவும் வேண்டாம். 1.9 பதிப்பிலிருந்து ‘மிக்ஸ் ரிலீஸ்’ உள்ளுக்குள்ளேயே வந்துவிட்டது. அதைக் கட்டி, லினக்ஸின் சிஸ்டம்டியிடம் ஒப்படைத்து, விழுந்தால் எப்போதும் எடு என்று எழுதிவைத்துவிடுங்கள்.

ஆக, வெளியே ஓர் ஆட்டோ ஸ்டார்ட்டர் ஆயிற்று. உள்ளே ஒன்று வேண்டும். அதற்குப் பெயர் சூப்பர்வைசர். பெயரைக் கேட்டதும் வேலை வாங்குகிற ஆள் ஞாபகம் வருகிறதா? இவர் வேலை வாங்க மாட்டார். பிள்ளைகளை வரிசையாகப் பெற்றெடுப்பார், ஒவ்வொன்றோடும் ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கயிறு அறுந்தால், அதாவது பிள்ளை செத்தால், அதே இடத்தில் புதிதாக ஒன்றைப் பெற்று வைப்பார். வேறு எதையும் அவர் செய்யாததால்தான் அவர் விழுவதற்குக் காரணம் அதிகமில்லை. உழைக்கிற இடத்தில்தான் உடையும்.

உழைக்கிற பிள்ளையை ஜென்சர்வராக எழுதுவது வழக்கம். இன்னிட் என்று ஒரு பகுதி, பிறந்ததும் செய்ய வேண்டியது. ஹேண்டில் இன்ஃபோ என்று ஒரு பகுதி, கடிதம் வந்தால் செய்ய வேண்டியது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை வேலை என்றால், ‘செண்ட் ஆஃப்டர்’ என்று தனக்குத்தானே ஒரு கடிதம் போட்டுக்கொள்ளும்: ஐந்து நிமிஷம் கழித்து எனக்கு இதைக் கொடு. கடிதம் வந்ததும் வேலை, வேலை முடிந்ததும் அடுத்த கடிதம். வேலை முடிந்த பிறகு என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். டைமரை வைத்து ஐந்து நிமிஷத்துக்கொரு முறை கண்ணை மூடிக்கொண்டு கடிதம் போடச் சொல்கிற வழியும் இருக்கிறது. ஒருநாள் வேலை ஏழு நிமிஷம் பிடித்தால்? கடிதம் சேரும். தபால் பெட்டி நிரம்பி வழியும், அது நினைவகத்தைத் தின்னும், கடைசியில் முழுச் சர்வரும் படுக்கும். முதல் வழியில் நேரம் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போகும். காலை ஆறு மணிக்குக் கச்சிதமாக என்றால் அது ஒத்துவராது. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எட்டிப்பார்க்கிற வேலைக்கு அந்தத் தள்ளாட்டம் யாருக்கும் நோகாது.

இன்னிட்டில் பெரிய வேலை எதையும் வைக்காதீர்கள். இன்னிட் முடியும்வரை சூப்பர்வைசர் வாசலிலேயே நிற்பார், அடுத்த பிள்ளை பிறக்காது. டேட்டாபேஸ் படுத்திருக்கிற நேரத்தில் சர்வரை எடுத்தீர்கள், இன்னிட்டுக்குள் இணைப்பு தேடி அது செத்தது என்றால் மறுபடி முயற்சியே நடக்காது, மொத்த அப்ளிகேஷனும் எழுந்திருக்காது. ‘ஹேண்டில் கன்டின்யூ’ என்று 2018 வாக்கில் வந்த வசதி இதற்காகத்தான். பிறந்தேன் என்று முதலில் சொல்லிவிட்டு, இணைப்பைப் பிறகு தேடலாம்.

இப்போது என் சொந்தக் கதை. நிறுவனத்தின் பெயர் வேண்டாம், தப்பு என்னுடையது. எலிக்ஸிர் கற்றுக்கொண்ட புதிது. கட்டணம் கட்டியவர்களின் பட்டியலை வெளிச் சர்வரிலிருந்து இழுத்துவருகிற ப்ராசஸ் ஒன்று எழுதினேன். டாஸ்க் என்று எழுதி, முடிவில்லாத சுற்றாக வைத்து, சூப்பர்வைசருக்குக் கீழே அழகாகப் போட்டேன். சூப்பர்வைசர் இருக்கிறார், இனி கவலையில்லை என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊருக்கு பஸ் ஏறிவிட்டேன். அன்று ராத்திரியே அது செத்துவிட்டது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் பணம் கட்டியவர்களுக்கெல்லாம் ‘நீங்கள் இன்னும் கட்டவில்லை’ என்று நினைவூட்டல் போயிருக்கிறது. திங்கட்கிழமை காலை என் மேசையைச் சுற்றிலும் கூட்டம்.

சூப்பர்வைசர் ஏன் எடுக்கவில்லை? ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சீட்டு உண்டு, செத்தால் என்ன செய்வதென்று. பெர்மனென்ட் என்றால் எப்படிச் செத்தாலும் எடு. ட்ரான்சியன்ட் என்றால் வேலை முடிந்து ஒழுங்காகப் போனால் விட்டுவிடு, விபத்தில் செத்தால் எடு. டெம்பரரி என்றால் எப்படிச் செத்தாலும் எடுக்காதே. ஜென்சர்வருக்கு, நீங்கள் ஒன்றும் எழுதாவிட்டால், பெர்மனென்ட். டாஸ்க்குக்கு டெம்பரரி. ஒரு முறை செய்துவிட்டுப் போகிற வேலைக்கென்று செய்த பொருள் அது, அதற்கு அதுதான் நியாயம். நான் அதில் முடிவில்லாத சுற்றை வைத்ததுதான் அநியாயம். ‘ரீஸ்டார்ட் பெர்மனென்ட்’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அந்த ஒரு வரிக்காக இரண்டு நாள் போனில் மன்னிப்புக் கேட்டேன்.

பெர்மனென்டுக்கும் ட்ரான்சியன்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த மாநிலம் ஒரு முறை பெரிய அளவில் பார்த்திருக்கிறது. 2018 ஜனவரி முதல் தேதியிலிருந்து தெலங்கானாவில் விவசாயத்துக்கு 24 மணி நேரமும் இலவச மின்சாரம். இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பம்ப்செட்டுகள். கூடவே அரசு விவசாயிகளிடம் ஒன்றைக் கேட்டுக்கொண்டது: ஆட்டோ ஸ்டார்ட்டரைக் கழற்றிவிடுங்கள். கரண்டு சில மணி நேரம் மட்டும் வந்த காலத்தில் அந்தப் பெட்டி வரம். கரண்டு நிற்காமல் வந்தால், வயல் நிறைந்த பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், நிலத்தடி நீர் வற்றிப்போகும். பெட்டிக்கு வயல் நிறைந்தது தெரியாது. முடிய வேண்டிய வேலைக்குப் பெர்மனென்ட் சீட்டு கொடுத்தால் இதுதான் நடக்கும். முடித்துவிட்டு ஒழுங்காகப் போன ப்ராசஸை சூப்பர்வைசர் மறுபடி எழுப்பி, செய்த வேலையையே செய்யவைப்பார்.

ஆட்டோ ஸ்டார்ட்டரில் இன்னொரு சங்கதி. கரண்டு வந்த அதே நொடியில் ஊரில் உள்ள எல்லா மோட்டாரும் ஒன்றாக எடுத்தால் டிரான்ஸ்ஃபார்மர் தாங்காது. மோட்டார் எடுக்கும் நேரத்தில் ஓடும் நேரத்தைவிடப் பல மடங்கு கரண்டு இழுக்கும். பெட்டிக்குள் சில நொடி பொறுக்கிற டைமர் இருப்பதில் அந்த நியாயமும் உண்டு, ஆனால் எல்லாரும் ஒரே அளவு வைத்தால் பயனில்லை. உங்கள் டேட்டாபேஸும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர்தான். அது ஒரு நிமிஷம் படுத்து எழுந்தால், அதை நம்பியிருந்த ஐந்நூறு ப்ராசஸும் ஒரே மில்லி நொடியில் கதவைத் தட்டும், அது மறுபடி படுக்கும். அதனால் திரும்ப இணைகிற நேரத்தில் ஆளுக்கொரு குத்துமதிப்பான இடைவெளி கொடுங்கள். ஒவ்வொரு தோல்விக்கும் இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டே போங்கள். இரண்டு வரி வேலைதான் இது.

இங்கே ஒரு கேள்வி வர வேண்டும். எடுத்தவுடனே விழுகிறது, எடுத்தால் மறுபடி விழுகிறது என்றால் சூப்பர்வைசர் எத்தனை தடவை எடுப்பார்? ஐந்து நொடிக்குள் மூன்று தடவை. நீங்கள் மாற்றி எழுதாதவரை அதுதான் கணக்கு. நான்காவது தடவை விழுந்தால் அவர் கையை உதறிவிடுவார். மீதிப் பிள்ளைகளையும் நிறுத்திவிட்டுத் தானும் சாவார். அவருக்கு மேலே ஒரு சூப்பர்வைசர் இருப்பார், அவர் இந்தக் குடும்பத்தையே புதிதாக எடுப்பார். அங்கேயும் சரிப்படாவிட்டால் அதற்கும் மேலே. உச்சிவரை போய்விட்டால் அப்ளிகேஷன் விழும், ரிலீஸில் பீமும் நிற்கும், வெளியே உட்கார்ந்திருக்கிற சிஸ்டம்டி எடுக்கும். முதன்முறை இதைப் பார்க்கிறவர்களுக்குக் கோபம் வரும். ஒரு சின்ன ப்ராசஸுக்காக வீட்டையே இடிப்பதா என்று. சிங்கிள் பேஸில் மோட்டாரை எடுத்துக்கொண்டே இருந்தால் காயில் கருகும், அதற்குள் மேலே இருப்பவருக்குத் தெரிய வேண்டும், அதுதான் காரணம். மூன்றை மூவாயிரமாக மாற்றி எழுதியவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டில் லாக் ஃபைல் மட்டும் நன்றாக வளர்ந்தது.

நான்கு தடவையும் ஒரே காரணத்துக்காகச் செத்தால் என்ன அர்த்தம்? பெரும்பாலும் ஒரு நஞ்சு வரிசை. பட்டியலில் ஒரு பதிவில் வயது இருக்க வேண்டிய இடத்தில் ‘தெரியாது’ என்று யாரோ எழுதியிருப்பார்கள். ப்ராசஸ் அதைத் தொடும், சாகும், எழும், மறுபடி அதையே தொடும். எழுந்தவுடன் பழைய நினைவு எதுவும் இல்லாமல், சுத்தமான இன்னிட்டிலிருந்து தொடங்குவதுதான் இந்த முறையின் பலம். எங்கேயோ குழம்பிப்போன நினைவோடு தள்ளாடுவதைவிட அது எவ்வளவோ மேல். என்னுடைய பழைய ட்ரை, கேட்ச் செய்தது அந்தத் தள்ளாட்டத்தைத்தான். ஆனால் எதுவரை படித்தோம், எந்தப் பதிவை எத்தனை முறை முயன்றோம் என்பவை ப்ராசஸின் தலைக்குள் இருந்தால் அவையும் சேர்ந்து சாகும். அவற்றை டேட்டாபேஸில் எழுதுங்கள். சில முறை தோற்ற பதிவை ஓரமாக எடுத்துவைத்துவிட்டு மேலே போங்கள். இதையெல்லாம் கையால் எழுத வேண்டாம் என்றால் ஓபன் என்ற நூலகம் போஸ்ட்கிரெஸில் வரிசை வைத்துச் செய்துதரும். அதில் ஒரு வேலைக்கு நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் 20 முயற்சி. ட்ரை, கேட்சே பாவம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்தப் பிழை வரும், வந்தால் என்ன செய்வது என்று உங்களுக்குத் தெரிந்த இடத்தில் பிடியுங்கள். தெரியாததைப் பிடித்து வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள்?

சரி, எல்லாம் செய்தாயிற்று. சூப்பர்வைசர் இருக்கிறார், சீட்டு சரி, சிஸ்டம்டி காவல். நிம்மதியாகத் தூங்கலாமா?

ஒரு கோடையில் அப்பா காலையில் வயலுக்குப் போனபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் வந்தது, பெட்டியில் விளக்கு எரிந்தது. வாய்க்கால் மட்டும் காய்ந்து கிடந்தது. ராத்திரி கிணற்றில் தண்ணீர் ஃபுட்வால்வுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. மோட்டார் வெறும் காற்றை இழுத்துக்கொண்டு மணிக்கணக்காகச் சுற்றியிருக்கிறது. கையை வைத்தால் சுட்டது. ஆட்டோ ஸ்டார்ட்டரைக் கேட்டால் எல்லாம் நலம் என்றுதான் சொல்லும். அதற்குத் தெரிந்தது கரண்டு, தண்ணீர் அல்ல.

சூப்பர்வைசருக்குத் தெரிந்தது சாவு மட்டும்தான். சாகாமல் மரத்துப்போனதை அவர் பார்க்க மாட்டார். உங்கள் ப்ராசஸ் வெளிச் சர்வரோடு ஒரு சாக்கெட்டைத் திறந்து பதிலுக்குக் காத்திருக்கிறது என்று வையுங்கள். ‘ஜென் டிசிபி ரிசீவ்’ என்பதற்கு நேரம் எதுவும் சொல்லாவிட்டால் அது முடிவே இல்லாமல் காத்திருக்கும். அந்தப் பக்கத்துச் சர்வர் பாதியில் மௌனமாகிவிட்டால், இந்தப் பக்கம் ப்ராசஸ் உயிரோடு, ஆரோக்கியமாக, ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். கேட்டால் அலைவ் என்று பதில் வரும். ராத்திரியில் சாகிற ப்ராசஸைவிட எனக்குப் பயம் தருவது இதுதான். செத்தது லாகில் நாலு வரியாவது எழுதிவிட்டுச் சாகிறது.

வெளியே பேசுகிற ஒவ்வொரு இடத்திலும் நேரக் கெடு வையுங்கள், முதலில் அது. பிறகு, மோட்டார் ஓடுகிறதா என்று கேட்காமல் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க இன்னொரு ப்ராசஸை வையுங்கள். நான் செய்கிற முறை இது. காவல்கார ஜென்சர்வர் ஒன்று ஈடிஎஸ் என்ற, பீமின் நினைவகத்திலேயே இருக்கிற அட்டவணை ஒன்றை வைத்திருக்கும். வேலைக்காரன் ஒவ்வொரு முறையும் வேலையை உண்மையாகவே முடித்த பிறகு, முடித்த நேரத்தை அதில் குறிப்பான். தொடங்கிய நேரத்தை அல்ல. காவல்காரன் நிமிஷத்துக்கொரு முறை பார்ப்பான். கடைசியாகக் குறித்து பதினைந்து நிமிஷம் ஆகிவிட்டதா? பேச்சே கிடையாது, ‘கில்’ என்று ஒரு சமிக்ஞை. வேலைக்காரன் சாவான், சூப்பர்வைசர் கயிறு அறுந்ததைப் பார்த்துப் புதியவனை எடுப்பார். அட்டவணையைக் காவல்காரன்தான் வைத்திருக்க வேண்டும். ஈடிஎஸ் அட்டவணை அதை வைத்திருக்கிற ப்ராசஸோடு சாகும், வேலைக்காரனிடம் கொடுத்தால் சாட்சியமும் சேர்ந்து போய்விடும். காவல்காரனை யார் காப்பது என்று நீங்கள் கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன்: வெளியே இருக்கிற கண்காணிப்புச் சேவை ஒன்று அந்த நேரத்தைப் படித்து, பழையதாக இருந்தால் என் போனுக்கு அடிக்கும். கடைசியில் ஒரு மனிதன் எழுந்திருக்கத்தான் வேண்டும். வரப்பில் மட்டும் நடக்க வேண்டாம்.

இன்னொன்றையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன், கீழே மெஸ் மூடிவிடுவார்கள். ஒரு சர்வரில் ஓடுகிற இந்த ஏற்பாட்டை இரண்டு சர்வரில் வைத்தால் என்ன ஆகும்? இரண்டிலும் ஆளுக்கொன்று பிறக்கும். நினைவூட்டல் எஸ்எம்எஸ் ஆளுக்கு இரண்டு போகும். ஒன்றுதான் இருக்க வேண்டும் என்றால் ‘குளோபல்’ என்று பெயர் பதியலாம். அப்போது இரண்டாவது சர்வரில் பிறக்கப்போவது, ஏற்கெனவே ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்து ஒதுங்கும்படி எழுத வேண்டும். முதல் சர்வர் போனால் ஒதுங்கியவனை யார் எழுப்புவது என்பதையும் நீங்கள்தான் எழுத வேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். இரண்டு சர்வருக்கும் நடுவே வலை அறுந்தால் இரண்டு பக்கமும் நான்தான் ஒருவன் என்று கிளம்பும். அதற்கு டேட்டாபேஸில் ஒரு பூட்டு வைத்துக்கொள்வது நல்லது. அப்படியும் ஒரே வேலை இரண்டு முறை நடக்கலாம் என்று எண்ணியே வேலையை எழுதுங்கள். இந்த நபருக்கு இந்த மாத நினைவூட்டல் போயிற்று என்று ஒரு குறிப்பு இருந்தால், இரண்டாவது வேலைக்காரன் அதைப் பார்த்துச் சும்மா இருந்துவிடுவான்.

பேசியது போதும். தம்பி, லேப்டாப்பை ப்ரொஜெக்டரில் மாட்டுங்கள். உங்கள் ப்ரோக்ராமை நேற்று ராத்திரி ஜென்சர்வராக மாற்றிவிட்டேன் என்று சொன்னீர்கள். ஐஈஎக்ஸில் சூப்பர்வைசரின் பிள்ளைகள் பட்டியலைக் கேளுங்கள். பின்வரிசைக்குத் தெரிகிறதா? விளக்கை அணையுங்கள். ப்ராசஸின் அடையாளமான பிஐடி எண் ஒன்று வந்திருக்கிறது, அதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது ‘ப்ராசஸ் எக்ஸிட்’, அந்த எண், ‘கில்’. கை நடுங்க வேண்டாம், உங்கள் பிள்ளைதான், அழுத்துங்கள். சரி. மறுபடி பட்டியலைக் கேளுங்கள். எண் மாறியிருக்கிறதா, முதல் வரிசையில் யாராவது படித்துச் சொல்லுங்கள்.